நடுப் பலகை

எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் குப்பத்தில் பேர். வாய் இல்லாமல் சிதம்பரத்தில் மீன் விற்க முடியுமா? கூடையை இறக்கி வைப்பதற்குள் பக்கத்துக்காரி காலை நீட்டி இடத்தைப் பிடித்துவிடுவாள். அப்படி எத்தனையோ பேரிடம் மல்லுக்கட்டி மார்க்கெட்டில் என் இடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரரின் இடத்தைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

அவருடைய இடம் என்பது என் தம்பியின் ஃபைபர் படகில் இருந்த நடுப் பலகை. சின்னப் படகுதான். உட்காருவதற்குக் குறுக்கே நாலு பலகைகள். பின்பக்கத்தை அமரம் என்போம். அங்கே இன்ஜினைப் பிடித்துக்கொண்டு தம்பி உட்காருவான். முன்மூக்கு அணியம், அங்கே ஒருவர், அவருக்கு அடுத்த பலகையில் இன்னொருவர். அந்த இரண்டு பேரும் அண்ணன் தம்பிகள், எங்களுக்குத் தூரத்துப் பங்காளிகள். அவர்களுக்கும் தம்பிக்கும் நடுவில் என் வீட்டுக்காரர். வலை இழுக்கும்போது அந்தந்தப் பலகையில் முட்டியைக் கொடுத்துத்தான் இழுப்பார்கள். பலகை இல்லாத இடத்தில் நின்று இழுத்தால் வலை ஆளைக் கடலுக்குள் இழுத்துக்கொள்ளும்.

எங்கள் பக்கம் ஒருத்தன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்க மாட்டார்கள். எந்தப் படகில் பலகை என்று கேட்பார்கள். இவர் என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் அப்பா கேட்ட முதல் கேள்வியும் அதுதான். ஒருவர் பலகையில் இன்னொருவர் உட்காருவதில்லை. ஆள் காய்ச்சலில் படுத்துக்கொண்டால் அன்றைக்கு அந்தப் பலகை மேல் டீசல் கேனை வைத்துக்கொண்டு போவார்களே தவிர, வேறு ஆளை உட்காரவைக்க மாட்டார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. நாளையிலிருந்து நீ வராதே என்று யாரும் யாரையும் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் படகுக்கு ஆகாதாம். சொல்லாமல் செய்வார்கள். அது மட்டும் படகுக்கு நன்றாக ஆகிறது.

நடுப் பலகை உடைந்தது ஒரு புரட்டாசி மாதம். வெளியே பார்த்தால் நீலப் பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே வைத்திருந்த பிளைவுட் உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி, டீயில் நனைத்த ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. இவர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"மச்சான், பலகை மெத்து மெத்துனு இருக்குது. பாத்துக்க."

"பலகை இல்ல மாமா, உங்க பின்னாடிதான் மெத்து மெத்துனு இருக்குது" என்பான் தம்பி. அண்ணன் தம்பிகள் இரண்டு பேரும் சிரிப்பார்கள். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதை ஒரு ஜோக்காக என்னிடமே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "யோவ், அது உன்னையப் பத்துன ஜோக்குயா" என்றால், "வெளாட்டுக்குதான சொல்றான்" என்பார்.

அன்றைக்கு ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டதில் பலகை இரண்டாக முறிந்து, இவர் படகின் அடியில் ஓடும் கட்டையின் மேல் விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. செய்தி தெரிந்து நான் கரைக்கு ஓடியபோது இவர் படகுக்குள் வலை மேல் கிடக்கிறார், மூக்கில் ஈ உட்காருகிறது. தம்பி கூடை கூடையாக மீனை வெளியே கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

"அடப்பாவி, மொதல்ல ஆளத் தூக்குடா!"

"கத்தாத யக்கா. மீனு கெட்டுடும். மாமா கெட மாட்டாரு."

அவன் முகத்தில் கோபம் இல்லை, கிண்டல்கூட இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான். மீன் எல்லாம் இறங்கிய பிறகு இவரை அதே பலகைத் துண்டில் படுக்கவைத்துத் தூக்கி வந்தார்கள்.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பில் பிளேட் வைத்து முடுக்கி அனுப்பினார்கள். மழைக்காலம் முழுக்க வீட்டில் கிடந்தார். நான் காலையில் மீன் வண்டி ஏறி சிதம்பரம் போய் விற்றுவிட்டு வந்து, இவரைத் திருப்பிப் போட்டுத் துடைத்து, சோறாக்கி, மறுபடியும் வண்டி ஏறுவேன். இவருக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை, வலியைப் பற்றிக்கூட அவ்வளவாக இல்லை. யார் வந்தாலும் ஒரே கேள்விதான்.

"எம் பலகைல யாரு உக்கார்றாங்க?"

யாரும் உட்காரவில்லை என்றார்கள். உடைந்த இடத்தில் ஒரு பழைய கட்டையைக் கயிறு போட்டுக் கட்டி, அதன் மேல் கேனை வைத்துக்கொண்டு மூன்று பேரே போய் வந்தார்கள். இவருக்கு அப்படி ஒரு பெருமை. "பாத்தியா, எம் எடத்த யாருக்கும் குடுக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மூன்று பேரால் முடிகிறது என்பதை அந்த மூன்று பேரும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே பட்டது. படுக்கையில் கிடக்கிற ஆளிடம் அதைச் சொல்லவில்லை. எனக்கும் வாயை மூடத் தெரியும்.

பொங்கல் முடிந்து நல்ல வெயில் பிடித்ததும் தம்பி வந்தான். இவர் அப்போது ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். தம்பி வாசலில் நின்றபடியே சொன்னான்.

"மாமா, எல்லாப் பலகையும் ஊறிப்போச்சி. மொத்தமா மாத்தணும். நீங்கதான் ஃபைபர் வேல தெரிஞ்சவரு. சும்மாதான இருக்கீங்க, வந்து மாத்திக் குடுங்க."

கல்யாணத்துக்கு முன்னால், படகில் பலகை கிடைப்பதற்கும் முன்னால், இவர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் ஃபைபர் தொட்டி செய்துகொண்டிருந்தார். ரெசின் பசை, மேட்டு என்கிற கண்ணாடிநார் விரிப்பு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் எல்லாம் கைப்பழக்கம். தம்பி போன பிறகு இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய பிரஷ்ஷைத் தேடினார். குனிய முடியாத மனிதர் குனிந்தார். "என் பலகைய நானே போட்டுக்கப் போறேன், இந்த ஜென்மத்துக்கு ஒடையாது" என்றார். எனக்கும் மனசு குளிர்ந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தம்பியைக் கொஞ்சம் அவசரப்பட்டுத் திட்டிவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

மரம் வாங்க சிதம்பரத்துக்கு என்னோடு மீன் வண்டியில் வந்தார். படகின் அகலத்தை ஒரு நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தார். முன்னால் குறுகல், நடுவில் அகலம், பின்னால் கொஞ்சம் குறுகல். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு முடிச்சு. நான் வியாபாரத்தை முடித்துக்கொண்டு கடைக்குப் போனபோது இவர் பிளைவுட் அட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போதுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை.

கடைக்காரர் மூன்று அறுத்துக் கட்டிவிட்டார்.

"இன்னொண்ணு இருக்குதுங்க, நடுப் பலகை" என்று இவர் கயிற்றை நீட்டினார்.

"மூணுதான் சொல்லியிருக்காங்க. போன்ல பேசுனாங்களே, உங்க படகுக்காரரு."

இவர் சிரித்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. காலியான மீன் பெட்டிகளின் மேல் பலகைகளைப் போட்டுக்கொண்டு வண்டி கிளம்பியது. புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"யோவ், மூணு பலகைதான் இருக்குது. நாலாவது எங்க?"

"நடுப் பலகைக்கு மச்சான் வேற மரம் சொல்லியிருப்பான். அதான ஒடஞ்சது? அதுக்கு ஒசத்தியா போடுவான்."

"ஒன்ன வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்கயா. மூணு பேரே போதும்னு முடிவு பண்ணிட்டாங்க."

"ஒனக்கு எல்லாமே கோணலாத்தான் தெரியும். அவன் ஒன் கூடப் பொறந்தவன்டி."

"அதனாலதான் சொல்றேன். அவன எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சிப்காட் வந்து அந்த மருந்து நாற்றம் வண்டிக்குள் அடித்தபோது டிரைவர் கண்ணாடியை ஏற்றினார். இவர் மட்டும் வெளியே பார்த்தபடி பலகைகள் சரிந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாளே வேலை ஆரம்பித்தது. படகை மணலில் ஏற்றி, மேலே கீற்றுப் பந்தல் போட்டு, வலைக்கூடத்திலிருந்து வயர் இழுத்தார்கள். பழைய பலகைகளைக் கிரைண்டரால் அறுத்து எடுக்கும்போது ஃபைபர் தூசு பறக்கும். உடம்பில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும். மற்றவர்கள் தள்ளிப் போய் நிழலில் உட்கார்ந்து செல்போனை நோண்டினார்கள். இவர் உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, முகத்தில் என் பழைய சேலைத் துணியைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்று அறுத்தார்.

வேலையில் இவரைக் குறை சொல்ல முடியாது. புதுப் பலகைகளின் ஆறு பக்கத்திலும் மேட்டைச் சுற்றி ரெசின் பூசினார். போல்ட் போடத் துளைத்த ஓட்டைகளுக்குள்ளும் ரெசினை ஊற்றினார். அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போய் மரத்தை ஊறவைக்கிறது என்று, கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பலகை உட்காருவதற்குப் படகின் இரண்டு பக்கச் சுவரிலும் தாங்கு கட்டைகளை ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் நடுப் பலகைக்கான தாங்கைத்தான் ஒட்டினார். இரண்டு பக்கமும் மட்டம் பார்த்து, மேட்டு மேல் மேட்டாக வைத்து, அது கல்லாக இறுகும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அண்ணன் தம்பிகள் இரண்டு பேருக்கும் பொழுது போனது. இவருக்கு அதற்குள் பிளேட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"பிளேட்டு மாமா, உப்புக் காத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க. இடுப்பு துருப் புடிச்சிடப் போவுது."

"துருப் புடிச்சா இன்னாடா, கிரைண்டர் அவரு கையிலதான இருக்குது. தேச்சிக்குவாரு."

இவர் சிரித்தார். நான் சோற்றுத் தூக்கோடு பின்னால் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. "ஒங்க ஆத்தா கால ஒடச்சிக்கிட்டுக் கெடந்தப்பவும் இப்படித்தான் சிரிச்சிங்களாடா?" என்று நான் கேட்டதும் இரண்டு பேரும் செல்போனுக்குள் புகுந்துகொண்டார்கள். இவருக்கு என் மேல்தான் கோபம். தூக்கை வாங்கிக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டினார்.

நான் போகவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி வந்தான். படகின் ஓரத்தில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தான். பார்வை அந்தத் தாங்கில் நின்றது.

"மாமா, நடுவுல இன்னாத்துக்குத் தாங்கு?"

"நடுப் பலகைக்கு மச்சான். பலகை எப்ப வருது?"

"அங்க ஐஸ் பொட்டி வருது. நல்லாப் பெருசா சொல்லியிருக்கேன். அந்தத் தாங்க வெட்டி எடுத்துடுங்க."

இவர் கையில் சோற்றுத் தூக்கு இருந்தது. அதை மணலில் வைத்தார். "செரி மச்சான்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏன்டா, ஒன் படகுல ஒடம்ப ஒடச்சிக்கிட்ட மனுசன், அவரு கையாலயே அவரு எடத்த வெட்டச் சொல்றியே, நீ மனுசனா?" என்று கேட்டேன். அவன் பதறவே இல்லை.

"யக்கா, நான் மாமாவ வர வேணாம்னு சொன்னனா? இத்தன பேரு இருக்காங்க, கேளு. மாமா, நீங்களே சொல்லுங்க. நான் வர வேணாம்னு சொன்னனா?"

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள்.

"சொல்லல மச்சான்" என்றார் இவர்.

"கேட்டுக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தம்பி போய்விட்டான். இவர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கிரைண்டரைப் போட்டார். கல்லாக இறுகிப்போயிருந்த தாங்கு லேசில் அறுபடவில்லை. நன்றாகச் செய்த வேலை அல்லவா, அவ்வளவு நேரம் எடுத்தது. இரண்டு பக்கமும் அறுத்து, தடம் தெரியாமல் தேய்த்து, அதன் மேல் ஒரு கை ரெசினும் பூசினார். பிறகு உட்கார்ந்து சோற்றைச் சாப்பிட்டார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியை அன்றைக்கு வெறுத்தேன். இவரையும் வெறுத்தேன்.

வீட்டில் ஒரே ரகளை. நான் பேசி ஓயும்வரை இவர் கையில் ஒட்டியிருந்த ரெசினைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்:

"பொட்டி மேல உக்காந்துக்கறேன். அதுவும் எடந்தான. பலகைய விட அகலமா இருக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஐஸ் பெட்டி வந்ததும், யாரும் கேட்காமலே அதன் மூடிக்கு மேல் மேட்டு வைத்து ரெசின் பூசினார். ஒரு ஆள் உட்கார்ந்தால் தாங்க வேண்டுமாம். முனைகளைக் கை கிழிக்காதபடி உருட்டித் தேய்த்தார். அண்ணன் தம்பிகளில் மூத்தவன், "மாமா, மெத்த ஒண்ணு தச்சிப் போட்டுடுங்க, பிளேட்டுக்கு சொகமா இருக்கும்" என்றான். மெத்தை போட்டால் தண்ணீரில் ஊறும் என்று இவர் அவனுக்கு நிதானமாகப் பதில் சொன்னார்.

பலகை மாற்றினால் படகை அப்படியே கடலில் இறக்க மாட்டார்கள். நல்ல நாள் பார்த்துப் பூசை போட வேண்டும். அணியத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் கட்டி, கற்பூரம் காட்டிய பிறகு, படகுக்காரர் ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டு அவரவர் பலகையில் உட்காரவைத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் கொடுப்பார். அதை வாங்கிவிட்டால் அந்தப் பலகை அவருடையது. பெண்கள் தள்ளித்தான் நிற்போம். பொம்பளை படகில் கால் வைக்கக் கூடாது, வைத்தால் தீட்டு என்பது எங்கள் குப்பத்தில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். அந்தப் படகு கொண்டுவரும் மீனைச் சுமக்கலாம், விற்கலாம், நாறலாம். கால் மட்டும் படக் கூடாது.

அன்று இவர் தலைக்குக் குளித்து, பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். காலை இழுப்பது தெரியாமல் இருக்க மெதுவாக நடந்தார். அண்ணன் தம்பிகளோடு தானும் படகை ஒட்டி நின்றுகொண்டார்.

தம்பி முதலில் மூத்தவனைக் கூப்பிட்டான், அணியத்துப் பலகை. அடுத்து இளையவன். அவன் தன் புதுப் பலகையில் உட்கார்ந்து இரண்டு குலுக்குக் குலுக்கிப் பார்த்தான். பலகை அசையவில்லை. இவர் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. பிறகு தம்பி தானே போய் அமரத்தில் உட்கார்ந்து எழுந்தான். தட்டில் இன்னும் ஒரு பழம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு படகின் நடுவுக்கு வந்தான். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, படகின் ஓரத்தைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினார். கையையும் நீட்டினார்.

தம்பி குனிந்து ஐஸ் பெட்டி மேல் வெற்றிலையை வைத்து, அதன் மேல் பழத்தை வைத்தான். நிமிர்ந்தவன் நீட்டிய கையைப் பார்த்தான்.

"மாமா, அது பொட்டிக்கு" என்றான்.

யாரோ ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பூசை பார்க்க வந்தவர்கள், பக்கத்துப் படகுக்காரர்கள், பெண்கள்கூட. இவர் தூக்கிய காலைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றார். பிறகு வைத்தார். பிறகு, சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அவரும் சிரித்தார்.

நான் எப்படிப் போனேன், எங்கே கால் வைத்து ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. பழத்தைத் தூக்கி மணலில் எறிந்துவிட்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. அப்புறம் கூச்சல். ஒருத்தி ஐயோ அம்மா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணன் தம்பிகள் தீ பட்ட மாதிரி படகிலிருந்து கீழே குதித்தார்கள்.

"யக்கா, எறங்கு. படகுக்கு ஆவாது, எறங்கிடு" என்றான் தம்பி. அவன் குரல் நடுங்கியதை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அது இனித்தது.

"எறங்கறேன். இது யாரு எடம்னு சொல்லு, எறங்கறேன்."

"இன்னாக்கா நீ..."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுடா. இது மாமா எடம்னு சொல்லு. இல்ல, மாமா வேணாம், நொண்டி வேணாம்னு வாயத் தொறந்து இத்தன பேரு முன்னாடி சொல்லு. வாயால சொல்லுடா."

சொன்னால் படகுக்கு ஆகாது. சொல்லாவிட்டால் நான் எழுந்திருக்கப் போவதில்லை. கூட்டம் அவனையே பார்த்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவன் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பான். மாமா வாங்க என்று அவன் உதடு அசைந்த மாதிரிகூட எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அதற்குள் இவர் ஏறினார். அந்த இடுப்போடு, யார் கையும் பிடிக்காமல், ஒரே தாவில் படகுக்குள் ஏறினார். எனக்காகத்தான் வருகிறார், என் பக்கத்தில் உட்காரப் போகிறார் என்று நினைத்து நகர்ந்து இடம்கூட விட்டேன்.

கன்னத்தில் அறைந்தார். கல்யாணமான நாளிலிருந்து என் மேல் கை வைக்காத மனுஷன்.

"எறங்குடி! பொம்பள கால வைக்கிற எடமாடி இது? எங்க படக நாசம் பண்ணவாடி வந்த?"

எங்கள் படகு என்றார். தலைமுடியைப் பிடித்து இழுத்தார். நான் ஓரத்தில் இடித்துக்கொண்டு மணலில் விழுந்தேன். ஒருவரும் தூக்கவில்லை, என்னைத் தொட்டால் அவர்களும் குளிக்க வேண்டும். நான் விழுந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் யாரிடமோ மஞ்சள் வாங்கி வாளித் தண்ணீரில் கரைத்தார். நான் உட்கார்ந்த மூடியைக் கழுவினார். நான் கால் வைத்த இடத்தை எல்லாம் தேடித் தேடிக் கழுவினார். மூச்சு வாங்கியது, இடுப்பைப் பிடித்துக்கொண்டார், மறுபடியும் குனிந்தார். எறிந்த பழத்தைக் கொண்டுவரச் சொல்லி, மண்ணைத் துடைத்து, தன் கையாலேயே பெட்டி மேல் வைத்தார்.

தம்பிக்கு உயிர் வந்தது. இவரைப் பார்த்துச் சொன்னான்:

"மாமா, அப்படியே அமரத்துப் பக்கமும் கழுவி உட்டுடு."

"செரி மச்சான்."

படகு கடலில் இறங்கும்போது இவர் பின்னால் நின்று தள்ளினார். அது அலையைத் தாண்டிப் போகும்வரை கரையிலேயே நின்றார். நான் எழுந்து சேலையை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒருத்திகூட என்னோடு பேசவில்லை. வாய் ஜாஸ்தியாக இருப்பவளுக்கு இது வேண்டியதுதான் என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது.

சாயங்காலம் இவர் வந்தார். கையெல்லாம் மஞ்சள். அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, என் கன்னத்தைப் பார்க்கவும் இல்லை. சோறு போடச் சொல்லி உட்கார்ந்தார். நான் போட்டேன். என்ன இருந்தாலும் பட்டினி போட முடியுமா? இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மச்சான் தெனமும் வரச் சொல்லிட்டான்" என்றார். "கடல்லேர்ந்து வந்ததும் படகக் கழுவி உடணும். நான்தான் வேணுமாம். வேற யாரு கழுவினாலும் அவனுக்குப் புடிக்காதாம்."

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நாலு பேரில் ஒருத்தராக நடுப் பலகையில் உட்கார்ந்து கடலுக்குப் போன காலத்தில்கூட அவர் முகத்தில் அதை நான் பார்த்ததில்லை. அறைந்ததை என்றைக்கோ மறந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.